நம் கையில் ஒரு குறிப்பேடு

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



‘எழுத்தாளர் ஆவது எப்படி?’ என்னும் தலைப்பில் நாம் உரையாற்ற வேண்டும் என்று இளைஞர் குழுவினர் கேட்டுக்கொண்டனர். கேட்டவுடன் தயங்கினோம். நூல் எழுதிப் பெயர் பெற்றோம் அல்லோம். முப்பது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வருகின்றோம். அடுத்த பாடவேளைக்கு வரும் ஆசிரியர் அதை அழித்துவிடுவார். இத்தகையவர் எழுத்தாளர்க்கு வழி சொல்வது பொருந்துமா என்ற ஐயம் எழுந்தது. ஆகவே தலைப்பைச் சுருக்கிக்கொள்ள இசைவு பெற்றோம். குறிப்பேடு வைத்துக்கொள்வது, நாம் போற்றும் ஆசிரியர்களிடமிருந்து ஊக்கம் பெறுவது ஆகிய இரண்டைப் பற்றி மட்டும் இன்று பேசுவோம். இவ்விரண்டிலும் நாம் தவறு செய்திருக்கின்றோம். தவறியவன் சொல்லும் வழிக்குறிப்பில் பள்ளம் எங்கே இருக்கிறது என்பதாவது தெரியும் அன்றோ?

குறிப்பேடு என்றவுடன் இங்கு அமர்ந்துள்ள ஆசிரியப் பெருமக்கள் சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. ஆய்வு அதிகாரி வருவதற்கு முதல் நாள் இரவில் எழுதப்படும் பாடக்குறிப்பேட்டைப் பற்றி நாம் பேசப் போவதில்லை. அஞ்ச வேண்டா.

நம் வீட்டில் தகரப் பெட்டி ஒன்றில் ஒன்பது நோட்டுப் புத்தகங்கள் உள்ளன. அரசு கலைக் கல்லூரியில் இளங்கலை பயின்ற நாளில், மாணவர் விடுதியில் இருந்தபடி எழுதியவை. மு. வரதராசனார், அறிஞர் அண்ணா, புதுமைப்பித்தன், ஜெயகாந்தன் ஆகியோர் நூல்களில் கண்ட சிறந்த பகுதிகளை அவற்றில் பெயர்த்து எழுதினோம். பக்கத்தின் தலையில் ‘அன்பு’, ‘வறுமை’, ‘மானம்’ என்று சிவப்பு மையால் தலைப்பு. கீழே நீல மையில் பகுதி. கையெழுத்து அழகாகவே இருக்கும். விடுதி நண்பர்கள் கட்டுரைப் போட்டிக்கு முதல் நாள் அந்த நோட்டுகளை இரவல் கேட்டு வருவர். அக்காலத்தில் நமக்கு அதுவே பெருமை.

விடுதியில் கையெழுத்து ஏடு ஒன்று நடத்தினோம். அதில் நாம் ஒரு சிறுகதை எழுதினோம். நடவுக்குச் சென்ற தாய் ஒருத்திக்குக் கூலி குறைத்துக் கொடுக்கப்படுகிறது. அவள் ஆண்டையின் வாயிற்படியில் நின்று நியாயம் கேட்கிறாள். பதினான்கு பக்கம். அதில் மூன்று பக்கம் அந்தத் தாய் பேசுவது. வாழ்க்கையின் நிலையாமை, செல்வத்தின் இழிவு, உழைப்பின் உயர்வு அனைத்தையும் தூய தமிழில், சிறு சிறு வாக்கியங்களில், மு.வ. நாவலின் கதைத்தலைவியைப் போலவே பேசினாள்.

நம் தமிழ்ப் பேராசிரியர் அதைப் படித்தார். “கதை நன்றாக இருக்கிறது, தம்பி. இந்த அம்மா எந்த ஊர்?” என்று கேட்டார். “எங்கள் ஊர்தான், ஐயா” என்றோம். “உங்கள் ஊரில் நடவு நடும் தாய்மார் இப்படியா பேசுகிறார்கள்?” என்றார். பதில் இல்லை. “போகட்டும், கூலி குறைந்தது என்று எழுதியிருக்கிறாய். எத்தனை படி குறைந்தது? எந்த அளவால் அளந்தார்கள்?” என்று கேட்டார். அதற்கும் பதில் இல்லை. பிறந்ததிலிருந்து கூலி நெல்லில் வளர்ந்த நமக்கு, அது எப்படி அளக்கப்பட்டது என்று தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குச் சென்றபோது நம் தாயாரிடம் கேட்டோம். அவர் அடுப்பங்கரையிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: “ஆண்டை ஊட்டுல மரக்கா ரெண்டு இருக்கும்டா. நெல்லு வாங்கிப் போட ஒண்ணு, நமக்கு அளக்க ஒண்ணு.” அவ்வளவுதான். நம் பதினான்கு பக்கத்திலும் இல்லாத கதை அந்த இரண்டு வரியில் இருந்தது. ஒன்பதாவது நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதிவைத்தோம். ஒன்பது நோட்டிலும் நம் வீட்டிலிருந்து ஏறிய வரி அது ஒன்றே.

இதனால் மு.வ.வைக் குறை கூறுவதாக இளைஞர்கள் கருதிவிடலாகாது. அவர் நமக்கு வாக்கியம் எழுதக் கற்பித்தார். ஒருவர் எழுத்தைக் கையால் பெயர்த்தெழுதும்போதுதான் அவர் எங்கே நிறுத்துகிறார், எந்தச் சொல்லைத் தவிர்க்கிறார் என்பது விரலுக்குப் புரியும். கண்ணால் படிக்கும்போது புரியாது. இன்றும் நம் பள்ளி மாணவர்க்கு வாரம் ஒரு பக்கம் பெயர்த்தெழுதும் வேலை கொடுக்கின்றோம். தவறு பெயர்த்தெழுதியதில் இல்லை. அதனோடு நின்றுவிட்டதில் இருந்தது. அவர் தம் காலத்து மக்களை எவ்வாறு நோக்கினார் என்று கற்க வேண்டிய நாம், அவர் கண்டதையே நாமும் கண்டதாக எழுதினோம்.

நமக்கு முன் நடந்த பெரியோர் இதை எவ்வாறு செய்தனர் என்று பார்ப்போம்.

அயோத்திதாசப் பண்டிதரின் பெயரை இச்சங்கத்தில் அறியாதவர் இலர். அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். அயோத்திதாசர் என்பது அவருடைய ஆசிரியரின் பெயர். போற்றிய ஆசிரியரின் பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டார். இதைவிடப் பெரிய குருபக்தி உண்டோ? ஆயினும் 1907 ஜூன் 19இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கி, 1914இல் மறையும் வரை வாரந்தோறும் அவர் எழுதியவை ஆசிரியர் சொன்னதன் எதிரொலி அல்ல. பழைய நூல்களை எடுத்துவைத்துக்கொண்டு, நம் மக்களின் வரலாறு என்ன என்ற தம் கேள்வியை அவற்றிடம் கேட்டார். பெயரை வாங்கிக்கொண்டார், கேள்வியைத் தாமே கேட்டார்.

அவர் குடும்பத்தைப் பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆங்கிலேயத் துரை ஒருவரிடம் பணியாற்றியவர். அவர் வீட்டில் இருந்த திருக்குறள், நாலடி ஓலைச்சுவடிகள் அத்துரையின் வழியாக எல்லிஸ் துரையிடம் சேர்ந்தன என்று பண்டிதரே எழுதியிருக்கிறார். நம்மவர்க்கும் ஏட்டுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிப் பழகியவர்கள் இதை நின்று கேட்க வேண்டும். பண்டிதர் எழுதிய ‘தமிழன்’ இதழ்களும் அவ்வாறே காப்பாற்றப்பட்டன. பெரிய நூலகங்கள் அவற்றைத் தேடிச் சேர்க்கவில்லை. அன்பு பொன்னோவியம் போன்ற நம்மவர் சிலர் கட்டுக்கட்டாக வீட்டில் வைத்துப் பேணியதால், 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுப்பில் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது. ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகள் அந்த எழுத்து வீடுகளின் பரணிலும் பெட்டியிலும் உயிரோடு இருந்தது. கரையான் அரித்த பக்கங்கள் எத்தனை என்று எவர் அறிவார்!

பாபாசாகேப் அம்பேத்கரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகின்றோம். சிலையிலும் படத்திலும் அவர் கையில் எப்போதும் ஒரு நூலைக் காண்கின்றோம். அந்தக் கை நூலை மட்டும் பிடித்திருந்த கை அன்று, பென்சிலையும் பிடித்திருந்தது. மும்பை சித்தார்த்தா கல்லூரி நூலகத்தில் உள்ள அவருடைய நூல்களில் சிவப்பு, நீலப் பென்சிலால் அவர் இட்ட கோடுகளை ஆய்வாளர்கள் கண்டு எழுதியிருக்கின்றனர். இலண்டனில் படித்தபோது நூல்நிலையம் மூடும்வரை இருந்து, சட்டைப் பைகள் குறிப்புத் தாள்களால் புடைத்திருக்க அவர் வெளியே வருவார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய தனஞ்செய் கீர் கூறுகிறார். 1917இல் அவர் தாயகம் திரும்பியபோது, அவர் நூல்களை ஏற்றி வந்த கப்பல் போரில் மூழ்கடிக்கப்பட்டது. அரும்பாடுபட்டு வாங்கிய நூல்கள் கடலில் போயின. அவர் மீண்டும் சேர்த்தார். இராஜகிருகம் என்னும் அவர் இல்லத்தின் நூலகம் உலகறிந்த நூலகமாயிற்று.

அவர் போற்றிய ஆசிரியர், நியூயார்க் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அவருக்குக் கற்பித்த ஜான் டூயி. 1936இல் வெளிவந்த ‘சாதி ஒழிப்பு’ உரையில், தாம் அவருக்குப் பெரிதும் கடன்பட்டவர் என்பதை வெளிப்படையாகவே சொல்கிறார். மக்களாட்சி என்பது வாக்குச் சீட்டோடு முடிவதன்று. மக்கள் கூடி வாழும் முறையே அது என்பது டூயியின் கருத்து. அதைப் பாபாசாகேப் எடுத்துக்கொண்டார். ஆனால் அமெரிக்கப் பேராசிரியர் காணாத ஓர் ஊரில், ஒரே கிணற்றில் நீர் எடுக்க முடியாத மக்களிடையே, அந்தக் கருத்தை வைத்துப் பார்த்தார். கருத்து ஆசிரியருடையது, ஊர் அவருடையது. ஊரை விட்டுவிட்டுக் கருத்தை மட்டும் எடுத்திருந்தால் அவர் நல்ல மாணவராக மட்டும் இருந்திருப்பார்.

போற்றியவர்களை அவர் மறந்தவரும் அல்லர். 1946இல் வெளியிட்ட சூத்திரர் பற்றிய நூலை மகாத்மா ஜோதிராவ் புலேக்குப் படைத்தார். 1948இல் வெளியிட்ட தீண்டப்படாதோர் பற்றிய நூலை நந்தனார், இரவிதாசர், சோகாமேளர் மூவர்க்கும் படைத்தார். அந்த மூவருள் ஒருவர் நம் சோழநாட்டவர் என்பதை இளைஞர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அவர் எழுத்துகளில் மிகச் சிறியது ஒன்று உண்டு. விசாவுக்காகக் காத்திருத்தல் என்னும் பொருள்படும் தலைப்புடையது. 1935, 1936 அளவில் எழுதியது. அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 1990இல் மக்கள் கல்விக் கழகம் அதைச் சிறு நூலாக வெளியிட்டது. அதில் முதல் நிகழ்ச்சி 1901இல் நடந்தது. சிறுவராகிய அவர், அண்ணனோடும் உறவுச் சிறுவரோடும் சதாராவிலிருந்து இரயிலில் புறப்பட்டுத் தந்தையைக் காணக் கோரேகான் செல்கிறார். மசூர் நிலையத்தில் இறங்குகின்றனர். அழைத்துச் செல்ல ஒருவரும் வரவில்லை. அவர்கள் இன்னார் என்று தெரிந்ததும் வண்டிக்காரர் ஒருவரும் வண்டி தரவில்லை. இரட்டிப்புக் கூலி தருவதாகச் சொன்ன பிறகு ஒருவன் இசைகிறான். ஆனால் பிள்ளைகள் வண்டியை ஓட்ட வேண்டும், அவன் பக்கத்தில் நடந்து வருவான். கட்டிக்கொண்டு வந்த உணவு நிறைய இருந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லை. உணவை அப்படியே வைத்துவிட்டுப் பட்டினி கிடக்கின்றனர்.

இதில் அவர் எங்கும் அழவில்லை, சாபமிடவில்லை. பிள்ளைகள் அணிந்திருந்த புதுச் சட்டையைச் சொல்கிறார், மின்னும் தொப்பியைச் சொல்கிறார், பட்டுக்கரை வேட்டியைச் சொல்கிறார், நிலையத்தின் பெயரைச் சொல்கிறார், கூலி இரட்டிப்பு என்று சொல்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேலான பின்னும் அவை ஒவ்வொன்றும் இடம் மாறாமல் இருக்கின்றன. படிப்பவர்க்கு நெஞ்சு வறண்டுபோகிறது. நாம் ‘கொடுமை, கொடுமை’ என்று பத்து முறை எழுதினாலும் அந்த வண்டிக்காரன் பக்கத்தில் நடந்து வருவதற்கு ஈடாகாது. அதே நூலில் பிறர்க்கு நேர்ந்தவற்றையும் சேர்த்திருக்கிறார். அவற்றுள் ஒன்று ‘யங் இந்தியா’ இதழில் 1929 டிசம்பரில் வெளியான ஓர் ஆசிரியரின் கடிதம். தமக்கு நேர்ந்ததை நினைவில் வைத்தார். பிறர்க்கு நேர்ந்ததைத் தாளில் தேடி எடுத்தார். குறிப்பெடுப்போர்க்கு இரண்டும் வேண்டும்.

பிறரையும் விரைவாகச் சொல்லிவிடுகின்றோம். மராட்டியத்தின் அண்ணாபாவு சாட்டே பள்ளிக்கூடத்தில் இருந்தது ஓரிரு நாளே என்பர். மாக்சிம் கார்க்கியைப் போற்றியவர். எனினும் அவர் 1959இல் வெளியிட்ட ‘பகீரா’ நாவலில் ஓடுவது ருசிய நாட்டு வோல்கா ஆறு அன்று. தம் ஊரான வாட்டேகான் பகுதியின் வாழ்க்கையே. கரிசல் மண்ணின் பூமணி, கி. ராஜநாராயணனின் எழுத்தைக் கண்டே தம் ஊரையும் எழுதலாம் என்ற துணிவு பெற்றவர். ஆனால் கி.ரா.வின் வீட்டிலிருந்து கதையைத் தொடங்கவில்லை. 1979இல் வந்த ‘பிறகு’ நாவலில் ஊருக்கு வெளியே செருப்புத் தைக்கும் அழகிரியின் குடிசையிலிருந்து தொடங்கினார். பிற்காலத்தில் ‘அஞ்ஞாடி’ நாவலுக்காகக் கழுகுமலை, சிவகாசிக் கலவரங்களைப் பற்றிய பழைய ஆவணங்களை ஆண்டுக்கணக்கில் தேடிப் படித்தார். அந்நாவலுக்கு 2014ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. கி.ரா.வும் இலேசுப்பட்டவர் அல்லர். மக்கள் வாயில் வழங்கிய சொற்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கரிசல் வட்டாரத்துக்கு ஓர் அகராதியே செய்தார். குறிப்பேடு அகராதியாகும் என்பதற்கு அதுவே சான்று. பாமா 1992இல் வெளியிட்ட ‘கருக்கு’, தம் இளமை நினைவுகளைத் தம் தெருவின் பேச்சிலேயே எழுதியது. அந்தப் பேச்சைப் பள்ளியில் நாம் சிவப்பு மையால் திருத்தியிருப்போம். தலைமையாசிரியர் என்ற முறையில் இதை வெட்கத்தோடுதான் சொல்கின்றோம்.

இப்போது நம் தவற்றுக்கு வருவோம்.

நம் தந்தையார் எங்கள் ஊர் ஏரிக்கு நீர்க்கட்டி. எழுதப் படிக்க அறியார். எந்த மதகைத் திறந்தால் எந்த வயலுக்கு எத்தனை நாழிகையில் நீர் சேரும் என்பது அவருக்கு மனப்பாடம். ஒவ்வொரு கழனிக்கும் அவரிடம் ஒரு பெயர் இருந்தது. பட்டாவில் சர்வே எண் இருக்கும்; அந்தப் பெயர் இராது. மாலை வேளைகளில் திண்ணையில் அமர்ந்து, கலங்கல் தாண்டி உபரி நீர் எந்த வழியாக ஓடி அடுத்த ஏரிக்குப் போகும், எந்தப் புளிய மரத்தடியில் திரும்பும், எந்த இடத்தில் அகலம் குறையும் என்று சொல்லிக்கொண்டேயிருப்பார். நாம் பக்கத்தில் அமர்ந்து நல்ல நூல்கள் படித்துக்கொண்டிருப்போம். சில சமயம், “கொஞ்சம் பொறுங்கப்பா, இந்தப் பக்கத்தை முடிச்சிடறேன்” என்று சொன்னதும் உண்டு. 2009இல் அவர் மறைந்தார்.

2015 நவம்பர், டிசம்பரில் பெய்த பெருமழை உங்கள் அனைவர்க்கும் நினைவிருக்கும். ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. நீர் போக வழியின்றி நம் தெருவுக்குள் புகுந்தது. மூன்று நாட்கள் நம் மக்கள் பள்ளிக்கூடக் கட்டடத்தில் தங்கினர். மாணவர்களின் நூல்களும் சான்றிதழ்களும் நனைந்து கூழாயின. நீர் வடிந்த பின் அளவையாளர்கள் வந்தனர். “பழைய உபரிக் கால்வாய் எந்த வழியாகப் போயிற்று? காட்டக்கூடியவர் யாரேனும் உண்டா?” என்று கேட்டனர். ஊர்ப் பெரியவர்கள் நம்மைப் பார்த்தனர். நீர்க்கட்டியின் மகன், படித்தவர், தலைமையாசிரியர். அவரிடம் ஒன்பது நோட்டு இருக்கிறது. ஒன்றில்கூடக் கால்வாய் இல்லை. புளிய மரத்தடியில் திரும்பும் என்பது மட்டும் நினைவுக்கு வந்தது. அந்தப் புளிய மரம் எப்போதோ வெட்டப்பட்டிருந்தது.

அந்த ஒன்பது நோட்டுகளை எறிந்துவிடவில்லை. ஆனால் அன்று முதல் பத்தாவது நோட்டு ஒன்றைத் தொடங்கினோம். அதில் முதல் பக்கத்தில் தந்தையார் சொன்ன கழனிப் பெயர்களுள் நினைவில் எஞ்சியவற்றை எழுதினோம். அறுபதுக்கு மேல் சொல்லியிருப்பார், தேறியவை பதினொன்று.

இதற்கு மாறான ஒரு செய்தியும் நம் சங்கத்திலேயே உண்டு. தொடக்கக் காலத்தில் மாலைப் பள்ளியை நடத்திய தங்கை ஒருவர், எண்பது பக்க நோட்டில் வருகைப் பதிவு எழுதினார். வந்தவர்க்குக் கோடு போடுவது எல்லாரும் செய்வதே. அவர் வராதவர்க்கும் எழுதினார். ‘நடவு’, ‘தம்பிக்குக் காய்ச்சல்’, ‘அம்மாவோடு செங்கல் சூளை’, ‘பாவாடை துவைத்துக் காயவில்லை’, ‘எட்டோடு நிறுத்திவிட்டார்கள், பஸ் இல்லை’. அவர் எழுத்தாளர் ஆக விரும்பியவர் அல்லர். கேட்டதை எழுதினார், அழகுபடுத்தவில்லை. அவ்வளவே.

சில ஆண்டுகளுக்குப் பின் நம் ஊர் நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்க வேண்டும் என்று விண்ணப்பித்தோம். அதிகாரி ஒருவர், உங்கள் பகுதிப் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பில் நாட்டமில்லையே, எட்டாம் வகுப்போடு தாமே நின்றுவிடுகிறார்களே என்றார். சங்கத் தலைவர் ஒன்றும் பேசாமல் அந்த எண்பது பக்க நோட்டை மேசைமேல் வைத்தார். அதிகாரி புரட்டினார். ‘பஸ் இல்லை’ என்னும் சொல் எத்தனை பக்கங்களில் வருகிறது என்று எண்ணத் தொடங்கி, நடுவில் நிறுத்திவிட்டார். இன்று அந்த உயர்நிலைப் பள்ளியில் படித்த பெண்கள் இந்த அரங்கில் அமர்ந்திருக்கின்றனர். அதற்கு அந்த நோட்டு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டோம். பலர் நடையாய் நடந்தனர். ஆனால் அந்த மேசைமேல் வைக்க நம்மிடம் வேறு ஒன்றும் அன்று இல்லை.

இனி நடைமுறையில் சில சொற்கள். பெரிய டைரி வாங்க வேண்டா. விலையுயர்ந்த டைரியில் எழுதும்போது உயர்ந்த கருத்துதான் எழுத வேண்டும் என்ற அச்சம் வந்துவிடுகிறது. நம் அனுபவம் அது. சட்டைப் பைக்குள் அடங்கும் நாற்பது பக்க நோட்டே போதும். நாள், இடம், சொன்னவர் யார் என்பதை முதலில் எழுதுங்கள். சொன்னவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள். ‘மரக்கா’ என்றால் ‘மரக்கா’ என்றே இருக்கட்டும். மரக்கால் என்று திருத்தும் வேலையைப் பிறகு நம்மைப் போன்ற ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வர். அளவு, விலை, தொலைவு எதையும் விடாதீர்கள். எழுதியதைச் சொன்னவர்க்குப் படித்துக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் அடித்துவிடுங்கள். பிறர் துன்பம் நமக்குக் கதைப்பொருள் ஆவதற்கு முன் அது அவருடைய பொருள்.

நோட்டின் முன்பக்கத்தில் நீங்கள் போற்றும் ஆசிரியர்களின் பகுதிகளைப் பெயர்த்தெழுதுங்கள். பின்பக்கத்திலிருந்து திருப்பிப் பிடித்து உங்கள் தெருவை எழுதிக்கொண்டு வாருங்கள். இரண்டும் நடுவில் சந்திக்கும். எந்தப் பக்கம் விரைவாக நிரம்புகிறது என்பதைப் பார்த்தால் நாம் எந்தப் பக்கம் சோம்பியிருக்கிறோம் என்பது தானே விளங்கும். எழுதியது ஒரே வரியாக இருப்பதில் குற்றமில்லை. ருசிய எழுத்தாளர் ஆண்டன் செகாவ் மருத்துவத் தொழிலும் பார்த்தவர், 1904இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற குறிப்பேடுகள் பின்னர் அச்சாயின. அவற்றில் பெரும்பாலானவை ஓரிரு வரிகளே. பேரெழுத்தாளருக்கே அவ்வளவு போதுமாயிருந்தது.

கைப்பேசியில் குறித்துக்கொள்ளலாமா என்று இளைஞர் ஒருவர் முன்பே கேட்டார். தாராளமாகச் செய்யலாம். பெரியவர்களின் குரலையே பதிவு செய்ய முடிகிறதே. நம் தந்தையார் காலத்தில் அது நம் கையில் இருந்திருந்தால்! ஆனால் கைப்பேசி நீரில் விழுந்தால், மாற்றி வாங்கினால், பதிவு போய்விடுகிறது. ஆகவே கேட்டு எழுதித் தாளிலும் ஒரு படி வையுங்கள். இரண்டு படி இருக்கட்டும். ஒன்று வீட்டில், ஒன்று சங்க நூலகத்தில். 2015இல் நனைந்தவற்றுள் ஒரே படியாக இருந்தவை திரும்பக் கிடைக்கவில்லை.

இந்த வேண்டுகோளைச் செயற்குழுவிடம் வைத்தோம். நூலக அலமாரியின் மேல்தட்டை, நீர் ஏறாத உயரத்தில், குறிப்பேடுகளுக்கென ஒதுக்கித் தந்திருக்கின்றனர். தெருவுக்கு ஒன்றாக ஏழு நோட்டுகள் வாங்கி வைத்தாயிற்று. மேலத்தெரு நோட்டை நம் பள்ளியின் பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் எடுத்துக்கொள்ள இசைந்திருக்கிறார். மற்ற ஆறும் இன்னும் வெறுமையாகவே இருக்கின்றன.

கீழத்தெருவில், கைப்பம்புக்கு எதிர் வீட்டில் இருக்கும் ஆயாவுக்கு வயது எண்பத்தைந்துக்கு மேல் இருக்கும். நம் தாயாரோடு நடவு நட்டவர். நடவுப் பாட்டுகள் அவருக்குத் தெரியும். கழனிப் பெயர்களிலும் சில தெரிந்திருக்கலாம் என்று எண்ணுகின்றோம். வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு நாம் அங்கே செல்கின்றோம். உடன் வர விரும்பும் இளைஞர்கள் இருவர் கூட்டம் முடிந்ததும் நம்மை வந்து பார்க்கலாம். ஆயாவுக்கு வலது காது சற்று மந்தம். இடப்பக்கம் அமர்ந்து கேட்க வேண்டும்.